"உங்கள் பெயரில் ஆப்பிரிக்காவில் பத்து அலையாத்தி": நட்டால் மட்டும் காடு ஆகுமா?

கடலூர்க்காரன்

இந்தப் பொங்கலுக்கு எங்கள் நிறுவனத்தில் இனிப்புப் பெட்டி கிடையாது. பதிலுக்கு மின்னஞ்சலில் ஒரு சான்றிதழ் வந்தது: "உங்கள் பெயரில் ஆப்பிரிக்கக் கடற்கரையில் பத்து அலையாத்தி மரங்கள் நடப்பட்டுள்ளன." எந்த நாடு, எந்தக் கழிமுகம், என்ன மரம் என்று ஒரு வரி இல்லை. மரம் ஒன்றுக்குச் சுமார் ஒரு டாலராம். அடுத்த ஆண்டு பெரிய தொகையாகவே கொடுக்கலாமா என்று கேட்டு ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். பிச்சாவரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்பதால் என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். நான் படகில் ஏறிச் சுற்றிப் பார்த்ததோடு சரி.

கென்யா, செனகல், மடகாஸ்கர் என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன. அங்கே உண்மையில் என்ன நடக்கிறது? கடலோர மக்களுக்கு இதனால் பாதுகாப்பு உண்டா, அல்லது எல்லாம் விளம்பரமா?

சந்தேகி

இனிப்புப் பெட்டியாவது வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

ஒரு டாலருக்கு ஒரு மரம் என்னும்போதே விஷயம் வெளிச்சம். நடுவதற்குக் காசு இருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து அது உயிரோடு இருக்கிறதா என்று போய்ப் பார்க்கக் காசு இல்லை. நட்ட எண்ணிக்கையைச் சொல்லாத திட்டமும் இல்லை, பிழைத்த எண்ணிக்கையைத் தானாக முன்வந்து சொல்லும் திட்டமும் இல்லை.

யாழ்வாசி

சந்தேகி சொல்வதற்கு எங்கள் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கண்டல் (அலையாத்தியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நடாத தொண்டு நிறுவனம் இல்லை என்னும் அளவுக்கு நட்டார்கள். பிறகு ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நடப்பட்டதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேர்தான். பணம் வந்த வேகத்தில் எந்த மண் என்று பார்க்காமல் நட்டதன் பலன் அது. ஆப்பிரிக்காவிலாவது இந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத் தொடங்கினார்களா என்று எனக்கும் அறிய ஆவல்.

உவர்நீர்

நீரியல் என் தொழில். எனவே மரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன்.

அலையாத்திக் காடு ஓர் இடத்தில் அழிந்து, பிறகு தானாக முளைக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். விதைக்குப் பஞ்சம் வருவது அரிது. ஓதம், அதாவது கடல் ஏற்றம், ஒவ்வொன்றும் விதையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் தண்ணீர் வந்து போகும் வழி அடைபட்டிருக்கும், அல்லது உப்பு ஏறியிருக்கும், அல்லது ஆடு மாடு மேய்ந்திருக்கும். ராபின் லூயிஸ் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியது இதைத்தான். தடையை நீக்கினால் பல இடங்களில் நடவே தேவைப்படாது.

செனகலின் சலூம் கழிமுகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வழக்கமான கழிமுகத்தில் கடலிலிருந்து உள்ளே போகப் போக உப்பு குறையும். சலூமில் தலைகீழ். மேலிருந்து வரும் நன்னீர் மிகக் குறைவு, வெயில் கடுமை. உள்ளே ஏறிய கடல்நீர் ஆவியாகி, மேலே போகப் போக உப்பு கூடுகிறது. 1970களிலும் 80களிலும் சகாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் நிலப்பகுதி முழுவதும் மழை பொய்த்தபோது மேல்பகுதி மரங்கள் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. எஞ்சியது உப்புப் பூத்த வெற்றுத் தரை. அங்கே அதைத் 'தான்' என்கிறார்கள். அந்தத் தரையில் எத்தனை கன்று நட்டாலும் உப்பு விடாது. 1990களின் நடுவிலிருந்து மழை ஓரளவு மீண்டது, பல இடங்களில் காடும் தானாகவே மீண்டது. ஆகவே செனகலில் பசுமை கூடியதைக் காட்டும் செயற்கைக்கோள் படத்தை யாராவது நீட்டினால், அதில் நட்டவர் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

கடலூர்க்காரர் ஊர்க் கதையும் இதுவே. பிச்சாவரத்தில் அடுக்கடுக்காக மரம் வெட்டியதில் தரை தாழ்ந்து, தேங்கிய கடல்நீர் வற்றி உப்பு ஏறியது. வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து முதலில் வாய்க்கால் வெட்டின. பெரிய வாய்க்கால் ஒன்று, அதிலிருந்து மீன்முள் போலக் கிளைகள். ஓதநீர் உள்ளே போய்த் திரும்பத் தொடங்கிய பிறகே கன்று வைத்தார்கள்.

கடலூர்க்காரன்

மிக்க நன்றி, உவர்நீர் ஐயா. அப்படியானால் தண்ணீர்ப் பாதை சரியாக இருக்கும் இடத்தில் நட்டால் பிரச்சினை இல்லை, அப்படித்தானே?

நெய்தல்மகள்

அந்த மண் யாருடையது என்று கேட்காதவரை பிரச்சினை இல்லைதான்!

செனகலையே எடுத்துக்கொள்வோம். காசமான்ஸிலும் சலூமிலும் ஓசியானியம் என்ற அமைப்பு ஹைதர் எல் அலி தலைமையில் 2009 முதல் 2012 வரை சுமார் 10,000 ஹெக்டேரில் ஏறக்குறைய எட்டுக் கோடிக் கன்றுகளை நட்டது. டானோன் என்ற பிரெஞ்சுத் தயிர் நிறுவனம் முன்னின்று தொடங்கிய நிதியம் பணம் போட்டது. பதிலுக்குக் கரிம வரவு, அதாவது காடு உறிஞ்சும் கரிம வாயுவைத் தன் புகைக்கு ஈடாகக் கணக்கில் காட்டும் உரிமை, அதற்கு. நூற்றுக்கணக்கான ஊர்களின் மக்கள் சேற்றில் இறங்கி நட்டார்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச மாட்டேன். எல் அலி 2012இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராகவும் ஆனார்.

ஆனால் நட்டது பெரும்பாலும் ஒரே இனம், சுரபுன்னை வகை. காரணம் வசதி. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து நீண்ட பச்சைக் குச்சியாகத் தொங்கும். பறித்து அப்படியே சேற்றில் குத்திவிடலாம். நாற்றங்கால் வேண்டாம், பை வேண்டாம். அந்தக் கரையில் இயற்கையாக அதன் பின்னால் வளரும் வெண்கண்டல் இனத்தை இப்படிக் குத்த முடியாது. படம் எடுப்பதற்கும் வரிசையாகக் குத்திய குச்சிதான் அழகு.

அடுத்தது நெல். காசமான்ஸில் ஜோலா மக்கள் பல நூற்றாண்டுகளாக அலையாத்திச் சேற்றில் வரப்புக் கட்டி நெல் விளைவிக்கிறார்கள். கயந்தோ என்று நீண்ட கைப்பிடியும் தட்டையான மரத் தகடும் கொண்ட ஒரு மண்வெட்டி. அதைக் கொண்டு களியை வெட்டி அணை கட்டுவார்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் உப்பைக் கழுவ விட்டு, அதன் பிறகே நாற்று. வறட்சியில் பல வயல்கள் கைவிடப்பட்டன. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது அழிந்த காடு, உள்ளூர்க்காரருக்கோ மழை திரும்பினால் மீட்க வேண்டிய பாட்டன் வயல். மாரி-கிறிஸ்டீன் கோர்மியே-சலேம் போன்ற ஆய்வாளர்கள் இதைப் பச்சைப் பூச்சுப் பூசிய நில அபகரிப்பாக மாறக்கூடிய ஒன்று என்று 2016இலேயே எச்சரித்தார்கள்.

மரமே இல்லாத சேற்றுத் திட்டும் சும்மா கிடப்பதில்லை. வற்றத்தில், அதாவது கடல் இறங்கியிருக்கும் நேரத்தில், பெண்கள் குனிந்து மட்டி பொறுக்கும் இடம் அது. "காலியாக இருக்கிறது" என்று அதில் கன்று குத்தினால், கன்றும் அலையில் போகும், மட்டியும் போகும்.

சந்தேகி

ஆக, பாரிஸில் தயிர் விற்பவர் புகை விடலாம், காசமான்ஸ் பாட்டி வயலை விட வேண்டும். நான் சொல்ல வந்ததும் இதுதான்.

மொம்பாசா சிவா

சந்தேகி, ஒரு நிமிடம். கென்யாவுக்கு வாருங்கள். நான் மொம்பாசாவில் கணக்கர். காஸி விரிகுடா இங்கிருந்து தெற்கே. லிக்கோனி படகுத்துறையைத் தாண்டி, உகுண்டா வழியாகப் போக வேண்டும்.

1970களில் அங்கே செங்கல், சுண்ணாம்புச் சூளைகளுக்கு அலையாத்தியை வெட்டித் தள்ளினார்கள். 1991 முதல் கென்யக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நட்டுப் பார்த்தது. ஜேம்ஸ் கைரோ என்ற அறிவியலாளர் இதற்கே தம்மை ஒப்புக்கொடுத்தவர். பலமுறை நட்டு, எந்த இனம் எந்த மட்டத்தில் நிற்கும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான், 2013இல் மிக்கோக்கோ பமோஜா திட்டம் வந்தது. காஸி, மாக்கொங்கேனி என்ற இரண்டு ஊர்களுடையது. கடலோர அலையாத்தியைக் காத்துக் கரிம வரவு விற்ற முதல் சமூகத் திட்டங்களில் ஒன்று. 2017இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசும் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. திட்டப் பரப்பு 117 ஹெக்டேர். அதில் 107 ஹெக்டேர் இயற்கைக் காடு, நட்ட காடு பத்தே ஹெக்டேர். புதிதாக நட எடுத்துக்கொண்ட இலக்கு ஆண்டுக்கு அரை ஹெக்டேர்கூடக் கிடையாது. உலகமெல்லாம் 'மரம் நட்ட கிராமம்' என்று எழுதுகிற ஊர் உண்மையில் காவல் காத்த கிராமம். ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கரிம வாயுவுக்கான வரவை விற்கிறார்கள். தொடக்க ஆண்டுகளில் கைக்கு வந்தது 12,000 முதல் 15,000 டாலர். பெரிய தொகை ஒன்றுமில்லை, ஒரு நடுத்தர நிறுவனத்தின் ஆண்டுவிழாச் செலவு. ஆனால் ஊர்க்கூட்டம் போட்டுச் செலவழிக்கிறார்கள்: குடிநீர்க் குழாய், பள்ளிக்குப் பாடநூல். குழாயடியில் நிற்கும் பெண்ணிடம் காடு எதற்கு என்று கேட்டால், கரிமம் பற்றி அவர் பேசப் போவதில்லை. குழாயைத்தான் காட்டுவார்.

காஸியில் பெண்கள் குழு ஒன்று காட்டுக்குள் பலகைப் பாதை அமைத்து, வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. அதில் நடந்தபோது கூட வந்த பெண்மணி ஒரு சுரபுன்னைக் குச்சியைக் கையில் எடுத்துக் காட்டினார். காயும் குச்சியும் சேரும் இடத்தில் மஞ்சளாக ஒரு வளையம் தெரிந்தால்தான் முற்றியது. பச்சையாகவே இருந்தால் தொடவே கூடாது. "வெளியூரிலிருந்து நட வருகிறவர்கள் பச்சையைத்தான் பறிப்பார்கள்" என்று சிரித்தார். முற்றாததைக் குத்தினால் அழுகிவிடும். ஒரு டாலர் சான்றிதழில் இந்த வளையம் வருமா?

சந்தேகி

வளையம் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிவா, 3,000 டன்னுக்கு 15,000 டாலர் என்றால் டன்னுக்கு ஐந்து டாலர். வாங்குகிறவருக்கு அதைவிட மலிவான பாவமன்னிப்பு எங்கே கிடைக்கும்? இடைத்தரகர் எவ்வளவு எடுக்கிறார்?

மொம்பாசா சிவா

நியாயமான கேள்வி. இந்தத் திட்டம் பிளான் விவோ என்ற தரச்சான்றின் கீழ் வருகிறது. அதன்படி விற்பனைத் தொகையில் குறைந்தது 60 விழுக்காடு சமூகத்துக்குப் போக வேண்டும். விற்றுக் கொடுப்பது ஸ்காட்லாந்திலுள்ள ஒரு சிறிய அறக்கட்டளை. விலை பிற்காலத்தில் கூடியது. தெற்கே தான்சானியா எல்லையை ஒட்டி வாங்காவில் இதே வழியில் 460 ஹெக்டேரில் இன்னொரு திட்டம் நடக்கிறது. மடகாஸ்கரின் தென்மேற்கில் வேசோ மீனவர்கள் 2019இல் தாஹிரி ஹொங்கோ என்று 1,200 ஹெக்டேருக்கு மேல் எடுத்துத் தொடங்கினார்கள்.

கென்யாவில் சட்டமும் மாறியிருக்கிறது. 2023 திருத்தத்தின்படி நிலம் சார்ந்த கரிமத் திட்டம் ஆண்டு வருவாயில் 40 விழுக்காட்டையாவது சமூகத்துக்குத் தந்தாக வேண்டும். எதை வருவாய் என்பது, எதைச் செலவில் கழிப்பது என்பதில்தான் இனி வழக்கு நடக்கும்; இதை ஒரு கணக்கராகவே சொல்கிறேன்.

காஸியையும் அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம். கென்ய அலையாத்தியில் பாதிக்கு மேல் இருப்பது வடக்கே லாமுவில். போரித்தி என்ற அலையாத்திக் கழியைப் பாய்மரக் கப்பலில் அரேபியாவுக்கு அனுப்பிப் பல தலைமுறை பிழைத்த கரை அது. 1982இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2018இல் நாடு முழுவதும் மரம் வெட்டத் தடை வந்தபோது, உள்ளூர் வீட்டுக் கழிக்காக முறைப்படி உரிமம் வாங்கி வெட்டியவர்களும் வீட்டில் உட்கார்ந்தார்கள். காடு காப்பாற்றப்பட்டது என்று தலைநகரில் சொன்னார்கள். வெட்டுகிறவரிடம் யாரும் கேட்கவில்லை.

எண்ணெய்க்கிணறு

இழையில் நைஜீரியாவைக் காணோமே. ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரிய அலையாத்திப் பரப்பு நைஜர் கழிமுகம். முன்பு போர்ட் ஹார்கோர்ட்டில் வேலை பார்த்தேன்.

அங்கே ஒகோனி மக்களின் நிலத்தில் உள்ள போடோ ஓடைகளில் 2008இல் குழாய் வெடித்து இரண்டு முறை எண்ணெய் கசிந்தது. 2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஒகோனி நிலம் பற்றி வெளியிட்ட அறிக்கை, முழுமையாகச் சீராக 25 முதல் 30 ஆண்டு ஆகலாம் என்றது. ஷெல் நிறுவனம் 2015இல் போடோ மக்களுக்கு 5.5 கோடிப் பவுண்டு தர ஒப்புக்கொண்டது. அதன் பிறகுதான் சுத்தம் செய்யும் வேலை, அதற்கும் பிறகு நடவு.

வற்றத்தில் படகில் போனால் வேர்களில் ஒரே மட்டத்தில் கறுப்புக் கோடு தெரியும், ஓத உயரம் வரைக்கும். சேற்றில் துடுப்பை ஊன்றி எடுத்தால் குழியிலிருந்து வானவில் நிறத்தில் படலம் மேலே வரும். இந்தச் சேற்றில் கன்று நட்டு யாருக்கு என்ன பயன்? முதலில் எண்ணெயை எடு, கசிவை நிறுத்து. எண்ணெய்க் குழாயில் துளையிட்டுத் திருடுவதும் ஊருக்குள் நடக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது.

இன்னொரு தொல்லை நீப்பா பனை. 1906இல் சிங்கப்பூரிலிருந்து கலபாருக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். வெட்டிய இடம், எண்ணெய் பட்ட இடம் எல்லாவற்றையும் அது பிடித்துக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் பச்சை. மீனவருக்கு அதில் சிப்பியும் இல்லை, நல்ல விறகும் இல்லை.

கடலூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. குழுவில் ஒருவர் விடாமல் கேட்கும் கேள்வி: புயல் வந்தால் இது காப்பாற்றுமா? மொசாம்பிக்கில் இதாய் புயலைக் காட்டித்தான் அந்தச் சான்றிதழ்க்காரர்கள் பேசினார்கள்.

உவர்நீர்

அலை வேறு, புயல் வெள்ளம் வேறு. கலந்து பேசுவதால்தான் குழப்பம்.

நூறு மீட்டர் அகல அலையாத்தி, காற்றால் எழும் அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கும் என்று அளந்திருக்கிறார்கள். அன்றாடக் கரை அரிப்புக்கு இது பெரிய காப்பு. புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்மட்ட உயர்வு அப்படி அடங்காது. ஒரு கிலோமீட்டர் அகலக் காட்டுக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர் வரைதான் அது குறையும். பல மீட்டர் உயரத்துக்கு நீர் ஏறினால், கரையில் ஒரு வரிசை மரம் என்ன செய்யும்?

2019 மார்ச்சில் இதாய் பெய்ரா நகரைத் தாக்கியது; மொசாம்பிக், ஜிம்பாப்வே, மலாவி மூன்று நாடுகளிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் சாவு. உள்நாட்டில் ஆறுகள் பெருகி மூழ்கடித்ததும் அதில் பெரும் பங்கு. அங்கே கடற்கரை மரத்துக்கு வேலையே இல்லை. ஆனால் பெய்ராவில் செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். நகரின் நடுவே ஓடும் ஷிவேவே என்ற ஓத ஓடை குப்பையால் தூர்ந்து கிடந்தது. உலக வங்கி, ஜெர்மன் நிதியுதவியோடு அதைத் தூர்வாரி, முகத்துவாரத்தில் மதகு வைத்து, கரையில் அலையாத்தியையும் மீட்டார்கள். மழைநீர் வடிகாலும் காடும் ஒரே திட்டத்தில். நகரங்களுக்கு எனக்குப் பிடித்த வழி இது.

புயல் காட்டையும் கொல்லும் என்பதை மறக்க வேண்டாம். 2000இல் எலீன் புயலோடு வந்த வெள்ளத்தில் மொசாம்பிக்கின் சாவே கழிமுகத்தில் பரந்த அலையாத்தி வண்டல் மூடி, மூச்சுவேர் அடைபட்டு மாண்டது.

நீண்டகாலக் கணக்கு இன்னும் கடினம். கடல்மட்டம் உயர, அலையாத்தியும் வண்டலையும் வேரையும் சேர்த்துத் தன் தரையை உயர்த்தும். ஆண்டுக்கு ஆறு, ஏழு மில்லிமீட்டருக்கு மேல் கடல் உயர்ந்தால் அதனால் ஈடுகொடுக்க முடியாது என்று பழைய வண்டல் பதிவுகள் காட்டுகின்றன. அப்போது காடு நிலப்பக்கம் நகர வேண்டும். நகரும் இடத்தில் சாலையோ உப்பளமோ விடுதியோ கட்டியிருந்தால் தீர்ந்தது. ஆகவே "எதிர்காலக் காப்பு" என்று யாராவது சொன்னால், பின்னால் இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நெய்தல்மகள்

புயலைத் தடுப்பதை மட்டும் பாதுகாப்பு என்று எண்ணுவதும் குறைப்பார்வை. மீன் குறையும் ஆண்டில் அடுப்பு எரிவதும் பாதுகாப்புத்தான்.

காம்பியாவில் பாஞ்சுல் பக்கம் தான்பி ஈரநிலத்தில் பெண்கள் சிப்பி எடுக்கிறார்கள். குடைந்த மரப்படகில் போய், சேற்றில் இறங்கி, நீரில் தொங்கும் வேரிலிருந்து கத்தியால் சிப்பியைப் பெயர்க்க வேண்டும். வேரோடு வெட்டி எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், அடுத்த ஆண்டு சிப்பிக்கு இடம் இருக்காது. 2007இல் இவர்கள் 'டிரை' என்ற சங்கமாகச் சேர்ந்தார்கள். எடுக்கும் காலத்தைத் தாங்களே சுருக்கிக்கொண்டார்கள், வேரை வெட்டுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள், காட்டில் நடவும் செய்தார்கள். அரசு 2012இல் அந்தச் சிப்பிக்கும் மட்டிக்கும் அவர்களுக்கே தனியுரிமை கொடுத்தது.

வெளியார் வந்து அள்ளிக்கொண்டு போக முடியாது என்ற உறுதி வந்த பிறகுதான் ஒரு பருவம் பொறுத்திருக்க ஒருவருக்கு மனம் வரும். கடலூர்க்காரரே, உங்கள் குழு எதையாவது கேட்க விரும்பினால் முதலில் இந்த உரிமைப் பத்திரத்தைக் கேளுங்கள். கன்றுக் கணக்கு பிறகு பார்க்கலாம்.

நெறியாளர்

தயிர் நிறுவனம் பற்றிய கிளை விவாதத்தைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பொருளோடு நிற்கவும்.

கடலூர்க்காரன்

இன்று குழுவுக்கு எழுதி அனுப்பியது: மரத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்லும் யாருக்கும் பணம் வேண்டாம். எந்த ஊர், அந்த ஊருக்கு அந்தக் காட்டின் மேல் எழுத்துப்பூர்வமான உரிமை உண்டா, காடு அழிந்த காரணம் நீங்கிவிட்டதா, மூன்றாம் ஆண்டு எத்தனை பிழைத்தது என்று யார் எண்ணுகிறார்கள், காவலுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டு, பதில் தருகிறவரோடு மட்டும் பேசலாம். சான்றிதழ்க்காரர்களுக்கும் இதே கேள்விகளை அனுப்பினேன். கன்றுகளின் புகைப்படம் ஒன்று வந்தது. எந்த நாடு என்று அதிலும் இல்லை.

சிவா அண்ணா, ஒன்று மட்டும் புரியவில்லை. காஸியில் காட்டை வெட்டக் கூடாது என்றால் விறகுக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள்?

மொம்பாசா சிவா

சவுக்கு. திட்டத்திலேயே கரைக்கு மேலே சவுக்குத் தோப்பு போட ஒதுக்கியிருக்கிறார்கள், வீட்டுக் கழிக்கும் விறகுக்கும். சில ஆண்டில் வெட்டுக்கு வந்துவிடும், விற்கவும் செய்யலாம். ஆனால் தோப்புக்கு இடம் வேண்டும். கடற்கரை நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. காட்டுக்குள் கள்ளத்தனமாக வெட்டுவது முழுவதும் நின்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இரவில் கோடரிச் சத்தம் கேட்டால் போய்ப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு மாதச் சம்பளம் கரிமப் பணத்திலிருந்து போகிறது. அந்தச் சம்பளம் எந்த வரவு-செலவில் இருக்கிறது என்று உங்கள் குழுவைத் தேடச் சொல்லுங்கள்.